தோளில் பூத்த விண்மீன்கள்

தபால் தலை சேர்ப்போர் நம் பள்ளியில் பலர் உளர். பழைய நாணயம் சேர்ப்போரும் சிலர் உளர். ஆனால், இராணுவ அதிகாரிகளின் பழைய பதவிச் சின்னங்களைச் சேகரிப்பதும் ஓர் அரிய பொழுதுபோக்கு என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் நாங்கள் அறிந்தோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி வீட்டுத் தகரப் பெட்டியில் மூன்று பித்தளை நட்சத்திரங்களும் ஒரு கிரீடமும் கிடைத்தன. இரண்டாம் உலகப் போரில் (1939–45) இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்த பாட்டியின் தந்தை அணிந்தவை அவை.

இச்சின்னங்கள் பேசும் மொழி எளியது. ஒரு நட்சத்திரம் செகண்டு லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கேப்டன். கிரீடம் மட்டும் இருந்தால் மேஜர். கிரீடத்தோடு ஒரு நட்சத்திரம் லெப்டினன்ட் கர்னல்; இரண்டு கர்னல்; மூன்று பிரிகேடியர். ஆகவே, அவர் கேப்டனாக இருந்து மேஜராக உயர்ந்திருக்கலாம் என்று நாங்கள் ஊகித்தோம்!

காலத்தையும் இவை காட்டும். 1901 முதல் 1952 வரை மன்னர்கள் ஆண்ட காலத்துக் கிரீடத்தின் உச்சி வளைந்து உயர்ந்திருக்கும். 1952இல் அரசியான எலிசபெத்தின் காலத்துப் பிரிட்டிஷ் கிரீடத்தின் உச்சி நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கும். இந்தியாவிலோ 1950 ஜனவரி 26ஆம் நாள் குடியரசு மலர்ந்ததும் கிரீடம் நீங்கியது. அவ்விடத்தில் சாரநாத் அசோகத் தூணின் சிங்கங்கள் அமர்ந்தன. பிரிட்டிஷ் நட்சத்திரத்தின் நடுவே மூன்று சிறு கிரீடங்களும், அவற்றைச் சுற்றி ‘மூன்றும் ஒன்றாய் இணைந்தன’ என்று பொருள்படும் லத்தீன் எழுத்துகளும் இருக்கும். அதற்கு ஈடாக நாம் ஏற்றது ஐந்து முனை நட்சத்திரம்.

இவற்றையெல்லாம் அறியுமுன் நாங்கள் ஒரு பிழை செய்தோம். கறுத்திருந்த நட்சத்திரம் ஒன்றைப் புளியும் சாம்பலும் இட்டுக் குத்துவிளக்கைப் போல் தேய்த்தோம். பளபளத்தது உண்மை, ஆனால் தங்க முலாம் போயிற்று, லத்தீன் எழுத்துகளும் மழுங்கின. பாட்டி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதை வாங்கி முந்தானையில் துடைத்து, “அப்பா தோளில் இருந்தது” என்று மட்டும் சொன்னார். எங்கள் கண்கள் கலங்கிவிட்டன.

அன்று கற்ற பாடம் இதுதான்: பழைய சின்னங்களைத் தேய்க்கலாகாது. உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி, ஈரம் படாமல், ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியே பொதிந்து வைக்கவேண்டும். பின்புறத்து வளையங்களையும், செய்தவர் பெயர் பொறித்திருந்தால் அதையும் காக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அணிந்தவர் யார், எப்போது, எங்கே என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைக்கவேண்டும். அக்குறிப்பு இல்லையேல் அது வெறும் பித்தளைத் துண்டே அன்றோ?

இப்போது அப்பெட்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. பாட்டி சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியது. தோழியரே, உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். சொல்வதற்குப் பெரியோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்!