முதலில் பதில் சொன்னவரை நம்பும் கணினி

பள்ளிக் கணினி அறை. இருபது மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியைத் திறந்தால் மதர்போர்டும் கொஞ்சம் ரேமும் இருக்கும். ஹார்ட் டிஸ்க் கிடையாது. யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் மாணவர்களின் ஃபைல்களோ மதிப்பெண் பட்டியலோ அதனுடன் போகாது. அவை எல்லாம் மூலையில் பூட்டிய அலமாரிக்குள் ஓடும் ஒரே ஒரு சர்வரில் இருக்கின்றன. மேசைமேல் இருக்கும் இந்தப் பெட்டிக்குத்தான் தின் கிளையன்ட் என்று பெயர்.

வைரஸ் வராது, திருட்டுப் பயமில்லை, ஒரு இடத்தில் அப்டேட் செய்தால் போதும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். மூன்றும் பெருமளவு உண்மை. ஆனால் தன்னிடம் எதுவுமே இல்லாத ஒரு மெஷின், தான் யார், எங்கே போக வேண்டும், யாரிடம் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு காலையும் வெளியே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் இதன் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

யோசனை பழையது. பெரிய கணினி ஒன்று, அதைச் சுற்றி வெறும் திரையும் கீபோர்டும் கொண்ட டெர்மினல்கள் என்பது 1970களின் வழக்கம். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் 'எக்ஸ் விண்டோ சிஸ்டம்' பிறந்தது. ஒரு கணினியில் ஓடும் புரோகிராமின் ஜன்னலை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியின் திரையில் வரைய அது வழிசெய்தது. மிச்சிகனைச் சேர்ந்த ஜிம் மெக்குவில்லன் 1999இல் தொடங்கிய 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்', சுருக்கமாக எல்டிஎஸ்பி, இதை லினக்ஸில் எளிதாக்கியது. ஓரங்கட்டிய பழைய பென்டியம் பெட்டிகளுக்கு அது மறுவாழ்வு கொடுத்தது. நார்வேயில் 2001இல் தொடங்கிய 'ஸ்கோலெலினக்ஸ்' பள்ளிகளுக்காக இதை எடுத்துக்கொண்டது. 2005இல் வந்த எடுபுண்டுவும் அதே வழியில் போனது. சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா உள்ளிட்டோர் தொடங்கிய நோவேட்டியம் நிறுவனம், வீட்டுக்கு வீடு தின் கிளையன்ட் கொடுக்கும் கனவோடு 'நெட்பிசி'யைக் கொண்டுவந்தது.

இனி பொத்தானை அழுத்துவோம்.

பெட்டிக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டு விழித்துக்கொண்டு, தன் மேக் முகவரியைச் சொல்லி, 255.255.255.255 என்ற முகவரிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. கேபிளில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படியான கூவல் அது: "எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள், எந்த ஃபைலிலிருந்து கிளம்ப வேண்டும் என்று சொல்லுங்கள்." இதற்கு டிஎச்சிபி என்று பெயர். பதில் வந்ததும், பதிலில் குறிப்பிட்ட சர்வரிடம் போய் டிஎஃப்டிபி என்ற முறையில் ஒரு சிறு ஃபைலை இறக்குகிறது. அது லினக்ஸின் கெர்னலையும் தொடக்கக் கோப்புகளையும் கொண்டுவருகிறது. கெர்னல் எழுந்து, சர்வரில் சுருக்கிவைத்திருக்கும் முழு இயங்குதளத்தையும் (இதற்கு இமேஜ் என்று பெயர்) நெட்வொர்க் வழியாக ஏற்றிக்கொள்கிறது. ஓரிரு நிமிடத்தில் லாகின் திரை வந்துவிடும்.

இந்த வரிசையில் முதல் இரண்டு படிகளிலும் அடையாளச் சரிபார்ப்பு கிடையாது. பையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கிய வெளியூர்க்காரர், முதலில் வந்து பையைப் பிடித்த ஆட்டோக்காரரோடு போய்விடுவது மாதிரி, டிஎச்சிபியில் முதலில் பதில் சொன்னவரையே மெஷின் பெரும்பாலும் நம்புகிறது. டிஎஃப்டிபிக்கோ யூசர்நேம், கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. 1980களின் தொடக்கத்தில், ஆராய்ச்சிக்கூடத்துக்குள் ஒருவரை ஒருவர் அறிந்த உலகத்துக்காக எழுதப்பட்டது அது. கேட்டவருக்குக் கொடுக்கும், கொடுப்பதை மறைத்தும் கொடுக்காது.

ஒரு மாணவர் தன் லேப்டாப்பை அறையின் கேபிளில் செருகி, டிஎன்எஸ்மாஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் போதும். பக்கத்து மேசைப் பெட்டி உங்கள் சர்வருக்குப் பதிலாக அவருடைய லேப்டாப்பிலிருந்து எழும். அசல் மாதிரியே ஒரு லாகின் திரையை அவர் காட்டலாம். ஆசிரியர் கடவுச்சொல்லைத் தட்டுவார். "தவறான கடவுச்சொல்" என்று ஒரு வரி வரும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், இரண்டாம் முறை எல்லாம் சரியாக நடக்கும். கைதவறித் தப்பாக அடித்திருப்போம் என்று ஆசிரியர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

கெட்ட எண்ணமே வேண்டாம். வைஃபை கிடைக்கட்டும் என்று யாரோ ஒரு ரௌட்டரைக் கொண்டுவந்து ஸ்விட்ச்சில் செருகினாலும் இதே கதைதான். அந்த ரௌட்டருக்குள்ளும் ஒரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறது. அது முந்திக்கொண்டு ஐபி கொடுத்துவிடும், எந்த ஃபைலிலிருந்து கிளம்புவது என்று மட்டும் சொல்லாது. கறுப்புத் திரையில் 'பிஎக்ஸ்இ-இ53' என்ற எண்ணோடு ஒரு பிழைச்செய்தி நிற்கும். அறையின் பாதி மெஷின்களில் இது தெரிந்து மீதிப் பாதி ஒழுங்காக எழுந்தால், சர்வரைத் தோண்டுவதை விட்டுவிட்டு, புதிதாக யார் என்ன செருகினார்கள் என்று பாருங்கள்.

தீர்வு கேபிளில் தொடங்குகிறது. சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் போட்டு, ஒன்றை வெளி இணையத்துக்கு என்றும் இன்னொன்றை அறையின் ஸ்விட்ச்சுக்கு மட்டும் என்றும் பிரித்துவிடுவது பழைய, நல்ல பழக்கம். எல்டிஎஸ்பி இந்த உள்வலைக்கு வழக்கமாக 192.168.67 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகிறது. ஏற்கெனவே இருக்கும் ரௌட்டரோடு ஒத்துப்போகும் 'ப்ராக்ஸி டிஎச்சிபி' முறையும் உண்டு. பத்து நிமிட வேலை என்பதால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அலுவலகக் கணக்குப்பிரிவும் வரவேற்பறை வைஃபையும் அதே வலையில் இருக்கும் இடத்தில் நான் அதைச் செய்யமாட்டேன். காசு இருந்தால், டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதியுள்ள ஸ்விட்ச் வாங்குவது சர்வருக்குக் கூடுதல் ரேம் வாங்குவதைவிட நல்ல செலவு. சர்வர் செருகிய துளையிலிருந்து வரும் டிஎச்சிபி பதிலை மட்டும் அது உள்ளே விடும். மற்ற துளைகளிலிருந்து வருவதைத் தூக்கிப்போட்டுவிடும். பெட்டிகளின் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டு, யுஎஸ்பியிலிருந்து கிளம்பும் வாய்ப்பை மூடிவிடுவதும் இதோடு சேர்ந்ததே.

திரை வந்த பிறகு என்ன நடக்கிறது? ஆரம்பகால எல்டிஎஸ்பியில் எக்ஸ்டிஎம்சிபி என்ற முறை இருந்தது. மாணவர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், கடவுச்சொல் உட்பட, மறையாக்கம் இல்லாமல் கேபிளில் போகும். எக்ஸ் விண்டோ சிஸ்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரே திரையோடு இணைந்த எந்தப் புரோகிராமும் அந்தத் திரையில் தட்டப்படும் எல்லா எழுத்துகளையும் ஒட்டுக்கேட்கலாம். ஏதோ ஒரு புரோகிராம் திறக்க மறுக்கிறது என்று 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' என்ற கட்டளையைக் கொடுத்துத் தப்பிப்பவர்கள், நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோரையும் தங்கள் திரைக்குள் அழைத்துவிடுகிறார்கள்.

எல்டிஎஸ்பியின் ஐந்தாம் பதிப்பு இந்தப் போக்குவரத்தை எஸ்எஸ்எச் என்ற மறையாக்கச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனது. சர்வரின் அடையாள விசை, கிளையன்ட் ஏற்றும் இயங்குதளத்துக்குள்ளேயே முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கும். லாகின் நேரத்தில் சர்வர் அதே விசையைக் காட்டாவிட்டால் கிளையன்ட் அதோடு இணையாது. சர்வரின் ஐபி முகவரியை மாற்றிய மறுநாள் காலையில், இந்தப் பணிநிலையத்துக்கு சர்வரோடு இணைய அனுமதியில்லை என்று அறை முழுக்கச் செய்தி வரும். விசையைப் புதுப்பித்து இமேஜை மறுபடி கட்டினால் சரியாகிவிடும். எரிச்சலூட்டும் செய்திதான். ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து மெஷின் முதல்முறையாக "நீ யார்?" என்று எதிர்க்கேள்வி கேட்கும் இடம் அது.

2019இல் கிரேக்கத்தைச் சேர்ந்த அல்கிஸ் ஜார்ஜோபூலோஸ் எல்டிஎஸ்பியைத் திரும்ப எழுதினார். புதிய வடிவில் புரோகிராம்கள் சர்வரில் ஓடுவதில்லை. கிளையன்டின் சொந்த ரேமிலும் சிபியுவிலும் ஓடுகின்றன. காரணம் பிரவுசர். பழைய கையேட்டில் ஒரு கணக்கு உண்டு: 256 எம்பியோடு ஆளுக்கு 192 எம்பி. அதன்படி இருபது பேருக்கு 4 ஜிபி ரேம் போதும். இன்றைக்கு இரண்டு பேர் நாலைந்து வீடியோ டேப்கள் திறந்தாலே அந்த 4 ஜிபி தீர்ந்துவிடும். ஆகவே சர்வர் இப்போது இமேஜைக் கொடுக்கிறது, கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது, மாணவரின் ஃபைல்களை எஸ்எஸ்எச் வழியாகத் திறந்துவிடுகிறது. சுமை பரவலாகிவிட்டது.

ஃபைல்களை ஏன் என்எஃப்எஸ் என்ற வேகமான ஃபைல் பகிர்வு முறையில் கொடுக்கவில்லை? அந்த முறையின் சாதாரண வடிவம், கிளையன்ட் சொல்லும் பயனர் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சொந்த லேப்டாப்பைச் செருகி, "நான் 1005" என்று சொன்னால், 1005ஆம் எண்ணுக்குரிய மாணவியின் ஃபைல்கள் திறக்கும். கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையைச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். சின்னப் பள்ளியில் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். எல்லோருக்கும் பொதுவான, எழுத முடியாத இமேஜுக்கு என்எஃப்எஸ் போதும். அந்தரங்கம் எஸ்எஸ்எச் வழியே போகட்டும்.

இமேஜ் பொதுவானது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குள் வைப்பதும் தொடக்கக் கோப்பில் வைப்பதும் கேபிளைத் தொட்ட எவருக்கும் கிடைக்கும். எல்டிஎஸ்பியின் அமைப்புக் கோப்பில், சின்னக் குழந்தைகள் என்டர் தட்டியே உள்ளே போகட்டும் என்று கடவுச்சொற்களை முன்கூட்டி எழுதிவைக்கும் வசதி உண்டு. அவை பேஸ்64 வடிவில் இருக்கும். பார்வைக்குப் பூட்டிய மாதிரி தெரியும். எந்தச் சாவியும் இல்லாமல் ஒரே கட்டளையில் திறந்துவிடும். ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு அது பரவாயில்லை. தலைமையாசிரியர் கணக்குக்கும் அதே வசதியைச் செய்துகொடுத்தால், அவருடைய கடவுச்சொல்லை டிஎஃப்டிபியில் இலவசமாக விநியோகிக்கிறோம். வைஃபை கடவுச்சொல், டேட்டாபேஸ் கடவுச்சொல், தனி எஸ்எஸ்எச் விசை எல்லாவற்றுக்கும் இதே விதி.

ஆசிரியர் தன் இடத்திலிருந்தே எல்லாத் திரைகளையும் பார்க்கவும், ஒரே சொடுக்கில் எல்லா மெஷின்களையும் அணைக்கவும் 'எபோப்டிஸ்' என்ற மென்பொருள் இருக்கிறது. இதுவும் கிரேக்கப் பள்ளிகளிலிருந்து வந்ததே. மாணவர் மெஷின்களில் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு கட்டளை ஓட்டவும் அதனால் முடியும். அதன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். விடுப்பில் போன ஆசிரியருக்காகச் சேர்த்த ஒரு மாணவரின் பெயர் அந்தப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் கிடப்பது சகஜம்.

இன்னும் பழைய முறையில், எல்லோருடைய புரோகிராம்களும் சர்வரிலேயே ஓடும்படி வைத்திருக்கும் அலுவலகங்கள் நிறைய. அவற்றுக்கு வேறொரு தலைவலி உண்டு. பாதுகாப்பு அறிவிப்புகளில் 'உள்ளூர்ப் பயனர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஓட்டை' என்று எழுதியிருக்கும். வீட்டுக் கணினியில் உள்ளூர்ப் பயனர் என்றால் நீங்கள் மட்டும்தான், பதறத் தேவையில்லை. டெர்மினல் சர்வரில் லாகின் செய்த நாற்பது பேருமே உள்ளூர்ப் பயனர்கள். 2016இல் வெளிவந்த 'டர்ட்டி கௌ' ஓட்டை 2007 முதலே கெர்னலில் இருந்தது. 2021 ஜனவரியில் சூடோ என்ற கட்டளையில் கண்டறியப்பட்டது ஏறக்குறைய பத்தாண்டு பழையது. அடுத்த ஜனவரியில் பிகேஎக்ஸெக் என்ற கட்டளையில் வெளிவந்தது 2009 முதல் இருந்தது. மூன்றுமே சாதாரணப் பயனரை ரூட் ஆக்கக்கூடியவை. அந்த நாட்களில் வீட்டுக்காரர் ஒரு வாரம் தாமதித்திருக்கலாம். டெர்மினல் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு அன்று மாலைவரைகூட நேரம் இல்லை.

கூட்டுக்குடித்தனத்துக்கான மற்ற ஏற்பாடுகள் சிறியவை, ஆனால் விடக்கூடாதவை. ஆளுக்கு இவ்வளவு ரேம், இத்தனை புராசஸ் என்று சிஸ்டம்டியில் வரம்பு வையுங்கள். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஒரு வரி ஸ்கிரிப்டை எழுதிப் பார்க்க ஆசைப்படும் மாணவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். ஓடும் புராசஸ்களின் விவரத்தைக் காட்டும் புராக் கோப்பமைப்பை 'ஹைட்பிட்' தேர்வோடு ஏற்றினால், ஒருவர் ஓட்டும் புரோகிராமும் அதற்குக் கொடுத்த கட்டளை வரியும் அடுத்தவருக்குத் தெரியாது. ரூட் நேரடியாக எஸ்எஸ்எச்சில் நுழைவதையும் மூடிவிடுங்கள்.

புதிய எல்டிஎஸ்பியில் அப்டேட்டுக்கு ஒரு வால் இருக்கிறது. சர்வரில் சூடோவைப் புதுப்பித்தால் சர்வர்தான் சரியாகும். கிளையன்ட்கள் ஏற்றுவது நேற்றைய இமேஜை. அதை மறுபடி கட்ட வேண்டும். கட்டும்போது பழைய இமேஜ் '.ஓல்டு' என்ற வாலோடு பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் அந்தப் பழையதிலேயே தொடரும். மாலையில் மாணவர்கள் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகும் அறையில், வெள்ளிக்கிழமை அடைத்த ஓட்டை திங்கட்கிழமையும் இருபது மேசைகளில் திறந்தே கிடக்கும். எபோப்டிஸில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரீபூட் கொடுத்துவிட்டுத்தான் அறையைப் பூட்ட வேண்டும்.