வீரக் கதையும் பழைய கடிதங்களும்

ஒருவர் இறந்த பிறகு ஊர் சொல்லும் கதை வேறு, அவரே கைப்பட எழுதி வைத்த கடிதம் வேறு. இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு உதாரணம் பாருங்க.

மார்கஸ் விட்மன் ஒரு டாக்டர். அவர் மனைவி நார்சிசா, ரொம்ப பக்தி உள்ளவர். 1836-ல் கல்யாணம் ஆன கையோடு இருவரும் மதப் பணிக்காக மேற்கே கிளம்பினார்கள். ராக்கி மலைகளைத் தரை வழியாகத் தாண்டிய முதல் வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் நார்சிசா! இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில், கயூஸ் என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் குடியேறினார்கள். (இவர்களை அனுப்பிய அதே 'அமெரிக்கன் போர்டு' சங்கம்தான் 1819-ல் டாக்டர் ஜான் ஸ்கடரை இலங்கைக்கு அனுப்பியது. நம்ம வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி.)

நார்சிசா தாய்வீட்டுக்கு நிறைய கடிதம் எழுதினார். பதில் வர இரண்டு வருஷம்கூட ஆகும். 1839-ல் அவருடைய ஒரே குழந்தை ஆலிஸ், இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போய் மூழ்கிவிட்டது. வயசு இரண்டுதான். அதையும் அப்பாவுக்கு எழுதினார். அதே கைதான், கயூஸ் மக்கள் வீட்டுக்குள் வந்தால் அழுக்காகிறது என்றும் எழுதியது. பக்தியும் இருந்தது, அருவருப்பும் இருந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

இப்போ வீரக் கதைக்கு வருவோம். 1842 குளிர்காலத்தில் விட்மன் குதிரையில் கிழக்கே போனார். ஆரிகன் பகுதி பிரிட்டன் கைக்குப் போகாமல் இருக்க ஜனாதிபதியைப் பார்க்கப் போனார், நாட்டையே காப்பாற்றினார் என்று அவர் இறந்தபின் கதை பரவியது. பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. 1901-ல் எட்வர்ட் போர்ன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் பழைய காகிதங்களைப் புரட்டி அந்தக் கதையை உடைத்தார். அந்தப் பணி நிலையத்தை மூடச் சொல்லி போர்டு உத்தரவு போட்டிருந்தது. அதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கத்தான் முக்கியமாகப் போனார். வாஷிங்டன் நகருக்கும் போனார் என்பது உண்மை, ஆனா நாட்டைக் காப்பாற்றியதற்கு ஆதாரம் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கடிதம். 1841-ல் டாக்டரே எழுதியது. கயூஸ் தலைவர் திலோகைக்ட், "இந்த நிலத்துக்கு எனக்கு என்ன கொடுத்தாய்?" என்ற அர்த்தத்தில் கேட்டிருக்கிறார். ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன் என்பது டாக்டரின் பதில். சண்டையில் காதைப் பிடித்து இழுத்ததும், தொப்பியைச் சேற்றில் வீசியதும்கூட எழுதியிருக்கிறார். கயூஸ் மக்கள் எழுதி வைத்த காகிதம் எதுவும் அந்தக் கட்டில் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி எதிராளியின் கையெழுத்தில்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது.

1843 முதல் வண்டி வண்டியாகக் குடியேறிகள் வந்தார்கள். 1847-ல் தட்டம்மை பரவியது. அந்த நோயையே அறியாத கயூஸ் மக்களின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். டாக்டர் மருந்து கொடுத்த வெள்ளைக் குழந்தைகளில் பலர் பிழைத்தார்கள். மருந்தா, விஷமா என்று சந்தேகம் வந்தது. வைத்தியம் பலிக்காமல் நோயாளி இறந்தால் வைத்தியரைக் கொல்வது அவர்கள் வழக்கம். அந்த வருஷம் நவம்பர் 29-ல் தொடங்கிய தாக்குதலில் விட்மன், நார்சிசா, இன்னும் 11 பேர் கொல்லப்பட்டார்கள்.

1850-ல் ஐந்து கயூஸ் ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவர் திலோகைக்ட்.