வீடு நம்முடையது, கமிஷன் யாருடையது?



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்களோ! ரூம் தேடி அலைந்த நமக்கெல்லாம் குடித்தனக்காரர் படும் பாடு தெரியும். வீட்டுக்காரர் புரோக்கரிடம் படும் பாடு தெரியாது. எனக்கு அது என் சித்தியால் தெரிய வந்தது.

சித்தி வீடு கோட்டக்குப்பம். புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டினால் வந்துவிடும். ஊர் விழுப்புரம் மாவட்டம், பிழைப்பு பாதிக்கு மேல் புதுச்சேரியில். அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்கள், ஆரோவில்லுக்கு வருபவர்கள், காலாப்பட்டு யுனிவர்சிடி மாணவர்கள் என்று வீடு கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர்களில் பலர் வளைகுடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். சாவி மட்டும் ஊரில். அந்தச் சாவியைக் கையில் வைத்திருப்பவர்தான் புரோக்கர். என் சித்தப்பாவும் மஸ்கட்டில்தான் வேலை செய்கிறார்.

2022 ஜூனில் மேல்மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. வாடகை 9,000, அட்வான்ஸ் மூன்று மாதம், 27,000. புரோக்கர் வீட்டுக்காரரிடம் ஒரு மாதம், குடி வருபவரிடம் ஒரு மாதம் என்று இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குபவர். அட்வான்ஸை அவரே வாங்கி, தன் 9,000-ஐ எடுத்துக்கொண்டு, மீதி 18,000-ஐச் சித்தி கையில் கொடுத்தார். “வேலை முடிஞ்சுது அக்கா.” சித்திக்கும் சந்தோஷம்.

வேலை முடியவில்லை என்பது 11 மாதம் கழித்துத் தெரிந்தது. அதே குடும்பம் தொடர்ந்து இருக்கப் போகிறது என்றதும் புரோக்கர் வந்து அரை மாத வாடகை, 4,500 கேட்டார். “எதுக்குப்பா? அவங்க இருக்கறாங்க, நான் வெச்சிருக்கறேன், நடுவுல உனக்கு என்ன?” என்றாள் சித்தி. “ரினிவல் கமிஷன்க்கா. இங்க அதான் வழக்கம்.” சித்தி கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை.

நண்பர்களே, இந்த 11 மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் எல்லாரும் 11 மாதம் போட்டார்கள். செலவை மிச்சம் பிடிக்க வந்த 11 மாதம், கடைசியில் புரோக்கரின் காலண்டர் ஆகிவிட்டது!

2024 பிப்ரவரியில் அந்தக் குடும்பம் காலி செய்தது. அட்வான்ஸ் 27,000-ஐத் திருப்பித் தர வேண்டும். சித்தி கைக்கு வந்ததோ 18,000. அதுவும் மோட்டார் ரிப்பேரில் போயிருந்தது. சித்தி கம்மலை அடகு வைத்தாள். கமிஷன் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது. அதைக் குடித்தனக்காரரின் பணத்திலிருந்து எடுத்தால், பள்ளம் ஒன்று விழுந்து, காலி செய்யும் நாள் வரை கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. கடைசி இரண்டு மாத வாடகையைப் புரோக்கர்தான் வசூலித்திருந்தார். 18,000-க்கு 11,800 கொடுத்தார். மீதி 6,200? “மெயின்டனன்ஸ்” என்று ஒரு துண்டுச் சீட்டு.

இங்கேதான் அடியேன் நுழைந்தேன். சிவில் மூன்றாம் ஆண்டு, எஸ்டிமேஷன் பேப்பரில் அரியர் இல்லாதவன்! உப்புக்காற்றில் பால்கனி கிரில் துருப்பிடித்து, சன்ஷேடில் கம்பி தெரிந்தது உண்மைதான். மரக்காணம் வரை இந்தக் கடலோரத்தில் எந்த வீட்டில்தான் தெரியவில்லை? டேப் வைத்து அளந்து, பெயிண்ட், சிமெண்ட், கூலி எல்லாம் போட்டுப் பார்த்தேன். 3,500-ஐத் தாண்டவில்லை. புரோக்கர் சிரித்தார். “தம்பி, காலேஜ் கணக்கு வேற, கடைத்தெரு கணக்கு வேற.”

கோபத்தில் லைப்ரரிக்குப் போய்ச் சட்டத்தைப் புரட்டினேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒருவர் தன் வேலையைச் செய்ய இன்னொருவரை அமர்த்தினால், அமர்த்தியவர் பிரின்சிபால், அமர்ந்தவர் ஏஜெண்ட். (நம் பிரின்சிபாலை நினைத்துப் பயப்பட வேண்டாம்!) ஆக, சித்திதான் பிரின்சிபால். இதைக் கேட்டு அவளே நம்பவில்லை. இவ்வளவு நாளாக அவள்தான் புரோக்கருக்குக் காபி போட்டுக் கொடுத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவுப்படி, பிரின்சிபால் கேட்டால் ஏஜெண்ட் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். 217, 218 இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வசூலித்த பணத்தில் தனக்குச் சேர வேண்டிய கூலியையும், முறையாகச் செய்த செலவையும் ஏஜெண்ட் பிடித்துக்கொள்ளலாம். மீதியைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே 9,000-ஐப் பிடித்தது தப்பில்லை. சித்தி அதை எழுதி வைக்காததுதான் தப்பு. ஆனால் 6,200 முறையான செலவுதானா என்று காட்டும் பொறுப்பு அவருடையது. 219-ஆம் பிரிவு, தனியாகப் பேசிக்கொள்ளாத பட்சத்தில், ஒப்புக்கொண்ட வேலை முடிந்தால்தான் கூலி என்கிறது. ஆள் பிடித்துத் தருவது ஒரு வேலை, அது முடிந்தது, கூலியும் போயிற்று. ரினிவலுக்குப் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர் செய்த வேலையும் இல்லை. பிறகு 4,500 எதற்கு?

இது நம்ம ஊர் வழக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் ஃபாக்ஸ்டன்ஸ் என்ற பெரிய ஏஜென்சி, குடித்தனக்காரர் தொடர்ந்து இருந்தாலே வீட்டுக்காரரிடம் ரினிவல் கமிஷன் கேட்டது. அதற்காகத் தான் எதுவும் செய்யாவிட்டாலும் கேட்டது. வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்ட பிறகும் கமிஷன் கொடு என்று ஒரு ஷரத்து வேறு! அரசின் நியாய வணிக அலுவலகம் வழக்குப் போட்டது. 2009 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி மான், அந்த ஷரத்துகள் நியாயமற்றவை என்று தீர்ப்பளித்தார். ரினிவல் கமிஷனே கூடாது என்று அவர் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய சுமையை முன்னாலேயே பளிச்சென்று சொல்லாமல் சின்ன எழுத்தில் புதைத்ததுதான் குற்றம். நம்ம புரோக்கர் சின்ன எழுத்துகூடப் போடவில்லை, வழக்கம் என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் ஏஜெண்டுகள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது மனை, ஃபிளாட் விற்பனைக்குத்தான். வாடகை புரோக்கர் அதில் வரமாட்டார். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) எல்லா வாடகைக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது. 11 மாதம் போட்டால் தப்பிக்க முடியாது. வீட்டுக்காரர் ஒரு மேலாளரை வைத்தால் அவர் பெயர், எந்தெந்த வேலைக்கு அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு என்பதைக் குடித்தனக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகை வசூலிப்பது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அந்த மேலாளர் வேலை. நம்மவரோ கமிஷன் வாங்கும்போது புரோக்கர், பெயிண்ட் அடிக்கும்போது மேலாளர்! புதுச்சேரிக்கு 1969-இல் போட்ட தனி வாடகைச் சட்டம் உண்டு. கோட்டக்குப்பத்து வீட்டுக்கு அது செல்லாது. முத்தியால்பேட்டையில் சொன்ன ‘வழக்கத்தை’ இங்கே கொண்டுவந்து கேட்பவரிடம் இதைச் சொல்லலாம்.

கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் வரவு செலவை எழுதி, நான்கு பிரிவு எண்களையும் போட்டு, சித்தி கையெழுத்தோடு கொடுத்தோம். பத்து நாள் சத்தமே இல்லை. பிறகு வந்து, 4,500-ஐ விட்டுவிடுவதாகச் சொல்லி, 1,500-ஐ மேஜைமேல் வைத்தார். ரிப்பேர் கணக்கில் பாக்கி இன்றுவரை வரவில்லை.

அடுத்த குடும்பத்தையும் அவரேதான் கொண்டுவந்தார். ஊரில் வேறு ஆள் தெரியாது, என்ன செய்வது? இந்த முறை ஒரு பக்கத் தாள் தயாராக இருந்தது. கமிஷன் ஒரே தடவை. தொடர்ந்தால் எதுவும் கிடையாது. அட்வான்ஸும் வாடகையும் நேராகச் சித்தியின் பாங்க் கணக்குக்கு. 500 ரூபாய்க்கு மேல் ரிப்பேர் என்றால் முதலில் போன், பிறகு பில். அவர் இரண்டு முறை படித்தார், பேனாவை வாங்கினார், கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா, பையனை வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கலாம்.”

சித்தி காபி கொண்டுவரப் போனாள்.