மணல் மனையில் கிடங்கு கட்டுமுன்

கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடலோரமாகக் கடையும் கிடங்கும் கட்ட நம்மில் பலர் மனை வாங்குகின்றோம். சிமெண்டு, கம்பி விலை விசாரிக்கும் நாம், அடியிலுள்ள மணலை விசாரிப்பதில்லை. நிலநடுக்கத்தில் அந்த மணல் குழம்பாகிவிடக் கூடும்.

படியில் அரிசியைக் கொட்டிக் குலுக்கினால் மட்டம் இறங்குவது நாம் அறிந்ததே. மணிகள் நெருங்கி உட்காருகின்றன. இடையிலிருந்த காற்று வெளியேறுகிறது. தளர்ந்த மணலும் அப்படியே. ஆனால் நீர்மட்டத்திற்குக் கீழே துகள்களின் இடையில் இருப்பது தண்ணீர். சில விநாடிக் குலுக்கலில் அது வெளியேற வழியில்லை. மேலேயுள்ள பாரம் தண்ணீரின் மேல் விழுகிறது. துகள்களின் பிடி விட்டுப்போகிறது. கெட்டித் தரை கஞ்சியாகிறது. இதனை மண் திரவமாதல் என்பர். கனமான கட்டடம் புதையும், சாயும். காலியான நிலத்தடித் தொட்டி மேலெழும்பும். குழாய்கள் முறியும். கால்வாய்க் கரை சரியும்.

1934-இல் பீகார் நிலநடுக்கத்தில் தரை பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் கட்டடங்கள் அவ்வளவாக உடையாமலே சாய்ந்தன. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் காண்ட்லா துறைமுக அலுவலகக் கோபுரம் சாய்ந்தது. அதற்கு 18 மீட்டர் பைல்கள் இருந்தும், அவற்றின் அடிமுனை மணல் அடுக்கிலேயே நின்றதுதான் குறை.

நம் கரையில் அத்தகைய பெரும் அதிர்வு அபூர்வம். ஆயினும் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவு அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. 2002-இல் சென்னைப் பகுதி இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது. மாமல்லபுரத்தில் ரதங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. நம் மனையின் அடியிலும் பாறை இருக்குமென்று எண்ணிவிடக் கூடாது.

மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. மனைக்குக் குத்தூசி மண் பரிசோதனை. துளையிட்டு, மணல் எவ்வளவு ஆழம், எவ்வளவு இறுக்கம் என்று பார்க்கச் சொல்லுங்கள். நீர்மட்டத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் கணக்கிடுங்கள். கோடைக் கணக்கு ஏமாற்றும். மணல் தளர்வென்றால் இறுக்குவதா, பைலைக் கெட்டி அடுக்குவரை இறக்குவதா என்பதைப் பொறியாளர் சொல்வார். காப்பீட்டுப் பத்திரத்தில் நிலநடுக்கம் சேர்ந்துள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் எழும்பிய பின் அடிமண்ணைத் திருத்துவது பெருஞ்செலவு. அஸ்திவாரம் தோண்டுமுன் சிறு செலவு.