பெயரை இடுபவர் யார்?

ஒருவருடைய உடைமைகளில் அவருக்கே முழுமையாக உரியது அவருடைய பெயர் என்று கருதப்பட்டாலும், அதைப் பெரும்பாலும் அவர் தாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பெற்றோர் இடுகிறார்கள், உற்றார் சுருக்குகிறார்கள், ஊரார் பட்டப்பெயர் சூட்டுகிறார்கள், பள்ளியிலும் அலுவலகத்திலும் பதிவேட்டை எழுதுபவர் தமக்குத் தெரிந்தபடி எழுதி அதையே நிலைநிறுத்திவிடுகிறார். ஆகவே தமிழர் பெயர்களின் வரலாறு, யாருக்கு யார் பெயரிடலாம், யார் யாரை எப்படி அழைக்கலாம் என்னும் உரிமையின் வரலாறாகவும் அமைகிறது.

தமிழ் ஆட்பெயர்களின் மிகப் பழைய சான்றுகளுள் ஒரு பகுதி பானை ஓடுகளில் கிடைக்கிறது. கீழடி, கொடுமணல் முதலிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓடுகளில், தமிழின் தொன்மையான வரிவடிவமாகிய தமிழியில், ஆதன் போன்ற பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அரசருக்கும் வள்ளலுக்கும் கல்லில் பெயர் பொறித்த நாட்டில், வீட்டுப் பானையிலும் ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதே எழுத்தறிவின் பரவலையும், பெயருக்கு மக்கள் அளித்த மதிப்பையும் ஒருசேர உணர்த்துகிறது.

சங்க இலக்கியத்துக்கு வந்தால் பெயரின் அமைப்பு விரிவடைகிறது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்ற பெயரில் ஊரும் தொழிலும் இயற்பெயரும் அடங்கியுள்ளன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரோடு தந்தையும் இடம்பெறுகிறார். கூலவாணிகன் என்பவர் தானியம் விற்பவர், கணக்காயனார் என்பவர் பாடம் சொல்லும் ஆசிரியர். இவற்றினும் வியப்புக்குரியவை, இயற்பெயர் மறைந்து பாட்டே பெயராகிய புலவர்களின் பெயர்கள். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைக் காதலர் நெஞ்சக் கலப்புக்கு உவமையாக்கியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். மக்கள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதைத் தலைவியின் தனிமைக்கு ஒப்பிட்டவர் அணிலாடு முன்றிலார் ஆனார். பூண் கட்டிய ஊன்றுகோலைப் பிடித்தபடி இளமையை நினைந்து இரங்கும் முதுமையைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். பாட்டின் ஒரு தொடரைக் கொண்டே புலவரை அடையாளப்படுத்திய இந்த முறை, பிறர் இட்ட பெயர்களிலேயே மிக உயர்ந்த பாராட்டு என்று கூறத்தகும்.

குடும்பத்துக்குள் பெயரிடும் மரபு வேறொரு நெறியைப் பின்பற்றியது. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுவது பரவலான வழக்கம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில்தான் பெயரன் என்ற சொல் பேரன் ஆயிற்று. ஆனால் கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண் வாயால் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதே குடும்பத்தில் நிலவியதால், மாமனாரின் பெயரைத் தாங்கிய தன் மகனைத் தாய் அவன் பெயரால் அழைக்க முடியாத நிலை உண்டாயிற்று. அவள் அவனை ராசா என்றும், அய்யா என்றும், தம்பி என்றும் கூப்பிட்டாள். அதுவே வீட்டுப் பெயராகி, பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஒன்றும் வீட்டில் வழங்கும் பெயர் ஒன்றுமாக இரண்டு பெயர்களோடு பிள்ளைகள் வளர்ந்தார்கள். அன்பின் வெளிப்பாடாக இன்று எண்ணப்படும் செல்லப்பெயர்கள் பலவற்றின் பின்னால், பெண்ணின் நாவுக்கு இடப்பட்ட தடையும் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்த காலத்தில் தோன்றிய பெயர்கள் துயரம் நிறைந்தவை. அடுத்துப் பிறக்கும் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று வேண்டிய பெற்றோர், அதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று பெயரிட்டார்கள். கையேந்தி வாங்கியதாகக் கருதிப் பிச்சை, பிச்சைமுத்து என்றார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்றும் மூக்காயி என்றும் அழைத்தார்கள். பக்கத்து வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கிய வழக்கமும் உண்டு. விலையற்றது என்று காட்டினால் கூற்றுவனின் கண் அதன்மேல் படாது என்பது நம்பிக்கை. இப்பெயர்களைக் கேட்டு இன்று நகைப்பவர்கள், அவற்றுக்குள் ஒரு தாய் புதைத்துவைத்த அச்சத்தை அறியாதவர்கள். இதற்கு நேர்மாறாக, பெண் பிள்ளை இனி வேண்டாம் என்ற எண்ணத்தில் இடப்பட்ட போதும்பொண்ணு, வேண்டாம் முதலிய பெயர்கள், அவற்றைச் சுமந்த பெண்களை வாழ்நாள் முழுவதும் காயப்படுத்தின.

சாதியின் கை பெயரிலும் பதிந்திருந்தது. ஒடுக்கப்பட்ட ஒருவர் கந்தசாமி என்று பெயர் வைத்துக்கொண்டாலும், சாமி என்று சொல்ல விரும்பாத ஆதிக்கச் சாதியினர் அவரைக் கந்தன் என்றே அழைத்தார்கள். வயதில் மூத்தவரையும் சிறுவர்கள் அவ்வாறே ஒருமையில் விளித்தார்கள். மற்றொரு பக்கம், உயர்ந்தவராகக் கருதப்பட்டவரின் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை இயக்க மாநாடு அத்தகைய பட்டங்களைத் துறக்கும்படி மக்களை வேண்டியது, பெரியார் ஈ.வெ.ராமசாமியும் தம் பெயரின் பின்னிருந்த பட்டத்தை விட்டொழித்தார். பிள்ளை, முதலியார், ஐயர், நாடார் என்ற பின்னொட்டுகள் தமிழ்நாட்டின் பொதுவாழ்வில் பெரும்பாலும் மறைந்துபோனதற்கு இவ்வியக்கம் முதன்மையான காரணமாகும்.

இம்மாநாட்டுக்கு முன்பே, தம் பெயரைத் தாமே இட்டுக்கொள்ளும் துணிவும் பிறந்திருந்தது. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் என்றும், வேதாசலம் மறைமலை அடிகள் என்றும் தம் பெயர்களைத் தமிழாக்கிக்கொண்டார்கள். திராவிட இயக்கம் இதை மக்கள் வழக்கமாக மாற்ற, நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். புதுச்சேரியின் சுப்புரத்தினம் பாரதியார்மீது கொண்ட பற்றால் பாரதிதாசன் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். பிறப்பாலோ சடங்காலோ வந்த பெயரை ஒதுக்கி, தம் கொள்கையையும் அன்பையும் அறிவிக்கும் பெயரைத் தாமே தெரிந்துகொண்டது தமிழ்ச் சமூகத்தில் நிகழ்ந்த பெரிய மாற்றம்.

பெயரின் பொருளைப் போலவே அதன் ஒலிக்கும் ஒரு வரலாறு உண்டு. பிறமொழிப் பெயர்களைத் தமிழ் தன் ஒலிமரபுக்கு இயையவே ஏற்றுவந்துள்ளது; கம்பரிடம் லக்ஷ்மணன் இலக்குவனாகவும் விபீஷணன் வீடணனாகவும் வருகிறார்கள். கத்தோலிக்கத் தமிழர்கள் பவுல் என்ற பெயருக்குச் சிறியவர் என்ற பொருள் இருப்பதால் அவரைச் சின்னப்பர் என்றும், யோவான் என்ற பெயர் இறையருளைக் குறிப்பதால் அவரை அருளப்பர் என்றும் வழங்கினார்கள். முஸ்லிம் தமிழர்களின் நாவில் முஹ்யித்தீன் என்ற அரபுப் பெயர் மைதீன் என்று கனிந்தது. இவ்வாறு உருமாறிய பெயர்கள் சிதைவுகள் அல்ல; வந்த பெயரை வீட்டுப் பெயராக்கிக்கொண்டதன் அடையாளங்கள்.

ஆங்கில எழுத்தில் நேர்வதோ வேறு. ல, ள என்ற இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால் வல்லியும் வள்ளியும் ஒன்றாகிவிடுகின்றன. ழகரத்தைத் தமிழ்நாட்டில் இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தும், இலங்கையிலும் மலேசியாவிலும் பெரும்பாலும் எல் என்ற ஓரெழுத்தாலும் எழுதுகிறார்கள். ஆகவே எழிலன் என்பவர் வெளிமாநிலத்தார் வாயில் எசிலன் ஆகிறார். டகரத்திலிருந்து வேறுபடுத்தவே தமிழர்கள் தகரத்தோடு எச் சேர்த்துக் கவிதா, சுமதி என்று எழுதுகிறார்கள். வடக்கில் அந்த எச், மூச்சை அழுத்தி ஒலிக்கும் மற்றோர் எழுத்துக்குரியது என்பதால் பெயர் அங்கே வேறாக ஒலிக்கிறது. தமிழ் எழுத்திலும் பழனி, பாரதி என்ற இரண்டுக்கும் பகரம் ஒன்றே. அவை வேறுவேறாக ஒலிக்கும் என்பதைக் கண் காட்டாது, செவியே கற்பிக்க வேண்டும்.

சாதிப் பட்டம் உதிர்ந்த பிறகு தமிழர் பெயரில் எஞ்சியவை தந்தை பெயரின் முதலெழுத்தாகிய இனிஷியலும் இயற்பெயருமே. குடும்பப் பெயர் கேட்கும் வெளிநாட்டுப் படிவங்களில் அந்த ஓரெழுத்து விரிக்கப்பட்டுத் தந்தையின் பெயர் அங்கே நிரப்பப்படுவதால், அலுவலகத்தில் ஒருவரைத் தந்தை பெயரிட்டு அழைக்கும் குழப்பம் நேர்கிறது. திருமணமானதும் பெண்ணின் முன்னெழுத்து தந்தையுடையதிலிருந்து கணவனுடையதாக மாறும் வழக்கமும், அவளுடைய சான்றிதழ்களை ஒன்றோடொன்று பொருந்தாமல் செய்கிறது.

தன் பெயரைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையைத் தமிழர்கள் நெடுங்காலப் போராட்டத்தின் பின்னரே பெற்றார்கள். அந்த உரிமை ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. பிறர் நாவிலும் நிலைபெற வேண்டும். வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியரும், படிவம் நிரப்பும் எழுத்தரும், மேடையில் அறிமுகம் செய்பவரும் அறியாத பெயரை ஊகித்துச் சொல்லாமல், உரியவரிடம் ஒருமுறை கேட்டு, அவர் சொன்னபடியே ஒலித்தும் எழுதியும் பழகுவது சிறிய செயலே. ஆனால் கந்தசாமியைக் கந்தனாக்கிய மனப்பான்மைக்கு எதிராக அன்றாட வாழ்வில் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய செயல் அது. ஆகவே அதை வெறும் நாகரிகமாக எண்ணாமல் கடமையாகவே கொள்ள வேண்டும்.