புட்டிக்குள் ஒரு சர்ப்பகந்தி

பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு ரோஜாக் கிளை வாங்கி வந்து தொட்டியில் ஊன்றுகிறோம். பிடித்துக்கொண்டால் சந்தோஷம், கருகிப் போனால் மறுபடியும் மாமியிடம் போய் நிற்கிறோம். ரோஜாவுக்கு இது போதும். சர்ப்பகந்திக்குப் போதாது.

சர்ப்பகந்தி முழங்கால் உயரச் செடி. தூக்கமின்மைக்கும் சித்தப் பிரமைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த மூலிகை. அது ரத்தக் கொதிப்பை அடக்குகிறது என்று 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகில், பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். 1952-இல் ஸ்விட்ஜர்லாந்து ரசாயன நிபுணர்கள் அதிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வளவுதான், உலகமே சர்ப்பகந்திக்குக் கை நீட்டியது.

மருந்து இருப்பதோ வேரில். இலையில் இருந்தால் பறித்துக்கொண்டு செடியை விட்டுவிடலாம். வேரைத் தோண்டிய பிறகு செடிக்கு ஏது உயிர்? விதையும் சரியாக முளைப்பதில்லை. காட்டில் அருகிப்போய், 1990-இல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ரெஸர்பின் மாத்திரைக்கு இப்போது பழைய மவுசு இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கோ வேர் இன்னமும் வேண்டும்.

இங்கேதான் திசு வளர்ப்பு கை கொடுக்கிறது. தண்டில் ஒரே ஒரு கணுவை நறுக்கி, கிருமி போகக் கழுவி, கண்ணாடிப் புட்டிக்குள் வைக்கிறார்கள். புட்டியில் மண் கிடையாது. பாலில் காய்ச்சி இறுக வைக்கிறோமே, அந்தச் சைனா கிராஸ்தான்! அதில் சர்க்கரை, உப்புச் சத்துகள், ஹார்மோன்கள் கலந்திருக்கும். முன்னதாகவே பிரஷர் குக்கர் மாதிரியான பாத்திரத்தில் 121 டிகிரி உஷ்ணத்தில் அதை வேக வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஈரக்கை பட்ட ஊறுகாய் ஜாடியின் கதைதான்; பூஞ்சை பூத்துவிடும்.

ஹார்மோன் விஷயம் ரசத்துக்கு உப்பும் புளியும் பார்ப்பது போல. சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர் கிளம்பும். ஆக்சின் தூக்கலானால் வேர் விடும். ஒரு கணுவில் பல தளிர்கள். அவற்றை நறுக்கி வேறு புட்டிகளுக்கு மாற்றினால் மறுபடியும் பல.

புட்டியை விட்டு வெளியே வருவதுதான் கண்டம். செல்லப் பிள்ளையல்லவா! ஈரக் காற்றிலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சுப் போதாது. வெயில் பட்டதும் துவண்டுவிடும். பாலிதீன் பையைக் கவிழ்த்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சில வாரம் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் தட்டுத் தட்டாக நாற்றுகள் போய்விடும். இன்னொன்று: எல்லாம் ஒரே தாயின் அச்சு என்பதால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம். பல தாய்ச்செடிகளிலிருந்து கணு எடுப்பதே விவேகம் என்பேன்.

வயலில் நட்ட பின், வேர் எடுக்க ஒன்றரை வருஷமாவது பொறுக்க வேண்டும். தாய்ச்செடியோ, கணு வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் தளிர் விட்டுக்கொண்டு தொட்டியிலேயே நிற்கிறது.