சிலைகள் நடந்துதான் வந்தன

சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கி.மீ. தள்ளி, பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கிறது ராப்பா நூயி. 1722-இல் ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி ரோகவீன் கண்டதால் அதற்கு ஈஸ்டர் தீவு என்றும் பெயர். வெறும் 164 சதுர கி.மீ. பரப்பில் 900-க்கும் மேற்பட்ட கற்சிலைகள். பெரும்பாலானவை ரானோ ராராக்கு எரிமலையின் சாம்பல்கல்லில் செதுக்கப்பட்டவை. சக்கரமோ இழுவை மாடோ இல்லாத மக்கள் பல டன் கல்லைக் கடற்கரை மேடைகள் வரை எப்படிக் கொண்டுபோனார்கள்? 'நடந்து போயின' என்பது தீவு மக்களின் மரபுக் கதை. அதைப் பொறியியல் குறிப்பாகவே படிக்க வேண்டும்.

சான்று கல்லிலேயே இருக்கிறது. வழியில் விழுந்து கைவிடப்பட்ட சிலைகளின் அடிப்பாகம் அகலமானது, முன்விளிம்பு வளைந்தது, உடல் முன்பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினாலும் நிலையாக நிற்காது. கண்குழிகளும் வெட்டப்பட்டிருக்காது. மேடைக்கு வந்த பிறகே அடியைச் செதுக்கிச் சரிசெய்து, குழி வெட்டி, பவளக் கண் பதித்தார்கள். மரச்சட்டத்தில் கிடத்தி இழுப்பதானால் அந்த வளைவும் சாய்வும் எதற்கு? தலையில் கயிறு கட்டி இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தால் ஒரு விளிம்பு எழும். பாரம் முன்னே சரியும். சிலை ஓர் அடி வைக்கும். 2012-இல் வெளியான சோதனையில் தொல்லியலாளர்கள் டெர்ரி ஹண்ட், கார்ல் லிப்போ குழுவினர் 4 டன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலையை 18 பேர், மூன்று கயிறுகளைக் கொண்டு நடக்க வைத்தார்கள்.

மறுப்புகள் உண்டு. 1986-இல் பொறியாளர் பாவெல் பாவெல் இதேபோல் ஓர் அசல் சிலையை நகர்த்தியபோது அதன் அடி தேய்ந்ததே என்பார்கள். அங்கே சிலையைத் தரையிலேயே முறுக்கித் திருப்பினார்கள். முன்சாய்வைப் பயன்படுத்தி ஆட்டுவது வேறு முறை. நிறுவப்பட்ட சிலைகளில் மிகப் பெரிதான பாரோ ஏறக்குறைய 80 டன்னாயிற்றே என்ற கேள்வி கனமானது. அந்த எடையில் யாரும் செய்து பார்த்ததில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால், ஊசல்போல அதைத் தொடரச் சிறு விசையே போதும். சரிவில் ஏறும்போது விழுந்தவை மல்லாந்தும், இறங்கும்போது விழுந்தவை குப்புறவும் கிடப்பதும் நின்றபடி சென்றதற்கே பொருந்துகிறது.

நடத்திச் செல்லக் கயிறும் ஆட்களும் போதுமென்றால், சிலை உருட்டவே காட்டை அழித்துத் தாமும் அழிந்தார்கள் என்ற பழிக்கு வலுவில்லை. பனைக்காடு போனது உண்மை. அதில் விவசாயத்துக்கு வைத்த தீயும் விதைகளைக் கொறித்த எலியும் பங்குபெற்றன. 2024-இல் வெளியான மரபணு ஆய்வும் 1600-களில் மக்கள்தொகை சரிந்ததற்குத் தடயம் இல்லை என்கிறது. உண்மையான பேரழிவு 1862-இல் பெருவிலிருந்து வந்த அடிமைக் கொள்ளையரோடும், தொடர்ந்து பரவிய அம்மையோடும் வந்தது. 1877-இல் எஞ்சியவர்கள் 111 பேர்.